கறியை மட்டும் குற்றம் சொன்னால் போதுமா? ரத்தக் கொழுப்பும் நம் ஊர் நோய்களும்

மதுரைப் பக்கம் ஐம்பது வயதைத் தொடாத ஒருவர் மாரடைப்பில் போய்விட்டார் என்றால், துக்க வீட்டுப் பந்தலிலேயே விசாரணை ஆரம்பித்துவிடும். "கறி நிறையச் சாப்பிடுவாரோ?" என்று ஒருவர் கேட்பார். "அட நீங்க வேற, அவரு சுத்த சைவம்ணே. ஆளும் ஒல்லிதான்" என்று இன்னொருவர் சொல்வார். அதற்கு மேல் யாரிடமும் கேள்வி இருக்காது. விதி என்று சொல்லி எழுந்துவிடுவார்கள். சைவம் சாப்பிடுகிற ஒல்லியான மனிதருக்கு ரத்தக்குழாய் ஏன் அடைத்தது என்பதை நம் ஊர் சரியாகக் கேட்கவே இல்லை என்பது என் ஆதங்கம்.

தின்ற கொழுப்பு நேராகப் போய்க் குழாயில் ஒட்டிக்கொள்வதால் வருகிற நோய் அல்ல இது. கொழுப்பைத் தயாரிக்கவும், சேமிக்கவும், ரத்தத்தில் ஏற்றி அனுப்பவும், மிச்சத்தைத் திரும்ப வாங்கவும் உடம்புக்குள் ஒரு பெரிய ஏற்பாடு இருக்கிறது. அதன் நடுவில் இருப்பது கல்லீரல். இந்த ஏற்பாடு பிசகினால் இதயம் மட்டும் கெடுவதில்லை. சர்க்கரை நோய், கல்லீரல் நோய், பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு, கண் பாதிப்பு என்று பலதும் அதோடு பின்னிப் பிணைந்து வருகின்றன. அந்தப் பிசகு நம் ஊரில் பெரும்பாலும் கறிக்கடையில் தொடங்குவதில்லை. சோற்றுத் தட்டிலும் பரோட்டாக் கல்லிலும் டீக்கடைச் சீனியிலும் வயிற்றைச் சுற்றிச் சேரும் சதையிலும்தான் தொடங்குகிறது.

முதலில் ஏற்பாட்டைப் பார்ப்போம். ரத்தத்தில் ஓடும் கொழுப்பில் முக்கியமானவை இரண்டு. ஒன்று கொலஸ்ட்ரால். செல்களின் சுவர், சில ஹார்மோன்கள், பித்தநீர் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு உடம்பே தயாரித்ததுதான், சாப்பாட்டிலிருந்து வருவது குறைவு. இன்னொன்று ட்ரைகிளிசரைடு. இது சேமிப்புச் சரக்கு. சாப்பிட்டு உடனே செலவாகாத ஆற்றல் இப்படித்தான் சதையில் தங்குகிறது. இரண்டும் தண்ணீரில் கரையாது. அதனால் கல்லீரலும் குடலும் இவற்றைப் புரதத்தோடு சேர்த்துச் சிறுசிறு துகள்களாகக் கட்டி ரத்தத்தில் விடுகின்றன. கல்லீரல் அனுப்பும் துகள் விஎல்டிஎல். அதில் ட்ரைகிளிசரைடு நிறைய இருக்கும். வழியில் அதை இறக்கிக்கொண்டே போகும்போது கடைசியில் கொலஸ்ட்ரால் மிகுந்த எல்டிஎல்லாகச் சுருங்குகிறது. ஊரெல்லாம் கெட்ட கொழுப்பு என்று சொல்வது இதைத்தான். நல்ல கொழுப்பு என்பது எச்டிஎல்.

விஎல்டிஎல், எல்டிஎல் ஆகிய துகள்கள் ஒவ்வொன்றின் மேலும் அப்போபி என்ற புரதம் ஒன்றே ஒன்று இருக்கும். ஆகவே அப்போபியை அளந்தால் துகள்களின் எண்ணிக்கை தெரிந்துவிடும். இது ஏன் முக்கியம்? சிம்மக்கல்லில் போக்குவரத்து நெரிசல் எவ்வளவு என்பதை வண்டிகளின் எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது, வண்டிக்குள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அல்ல. ரத்தக்குழாய்க்கும் அதே கணக்குதான். வழக்கமான பரிசோதனை துகள்களுக்குள் இருக்கும் கொலஸ்ட்ராலை அளக்கிறது. துகள்கள் சிறுத்து எண்ணிக்கையில் பெருகியிருந்தால் அந்த அளவு சாதாரணமாகவே தெரியும், ஆபத்து மட்டும் கூடியிருக்கும்.

குழாய்க்குள் நடப்பது இதுதான். இந்தத் துகள்கள் தமனியின் உள்தோலைத் தாண்டி உள்ளே போய் மாட்டிக்கொள்கின்றன. அங்கே அவை கெட்டுப்போக, அவற்றை விழுங்க வெள்ளணுக்கள் வருகின்றன. விழுங்கி விழுங்கி அந்த அணுக்களே கொழுப்பு நிரம்பிய நுரைபோல ஊதிவிடுகின்றன. சுற்றிலும் அழற்சி, நார், சுண்ணாம்பு என்று சேர்ந்து ஒரு படிவு உருவாகிறது. இதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். வலி இருக்காது, ஒரு அடையாளமும் இருக்காது. ஒருநாள் அந்தப் படிவின் மேல்தோல் கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடுகிறது. இதயத்தில் நடந்தால் மாரடைப்பு, மூளையில் நடந்தால் பக்கவாதம். காலுக்குப் போகும் குழாய் சுருங்கினால் நடக்கும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும்.

1913ல் ரஷ்யாவில் நிகோலாய் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் கொடுத்து அவற்றின் தமனியில் படிவு வருவதைக் காட்டினார். எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பி செல்களின் மேல் இருப்பதைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985ல் நோபல் பரிசு கிடைத்தது. கல்லீரலில் அந்த ஏற்பிகள் போதுமான அளவு வேலை செய்தால் ரத்தம் சுத்தமாகும், குறைந்தால் எல்டிஎல் தேங்கும். இன்றைய மருந்துகளில் பெரும்பாலானவை கடைசியில் இந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டித்தான் பலன் தருகின்றன.

சரி, நம் கதைக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் நாடு முழுவதும் சர்க்கரை நோயைப் பற்றி நடத்திய இண்டியாப் ஆய்வின் முடிவு 2023ல் வெளியானது. பெரியவர்களில் 81.2 சதவீதம் பேருக்கு ரத்தக் கொழுப்பு அளவுகளில் ஏதாவது ஒரு பிசகு இருந்தது. ஆனால் மொத்த கொலஸ்ட்ரால் கூடியிருந்தவர்கள் 24 சதவீதம்தான். மிச்சம் எங்கே போனது? அதே ஆய்வின் முதல் கட்ட முடிவுகள் 2014ல் வந்தன. அப்போது தமிழ்நாடும் சேர்ந்த நான்கு பகுதிகளைப் பார்த்தார்கள். 72.3 சதவீதம் பேருக்கு எச்டிஎல் குறைவு, 29.5 சதவீதம் பேருக்கு ட்ரைகிளிசரைடு அதிகம். நம்மவர்களின் ரத்தம் கெடும் விதம் இதுதான். கெட்ட கொழுப்பு பார்க்கச் சுமாராக இருக்கும், ட்ரைகிளிசரைடு ஏறியிருக்கும், நல்ல கொழுப்பு இறங்கியிருக்கும், எல்டிஎல் துகள்கள் சிறுத்து நெருங்கியிருக்கும்.

ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. மொத்த கொலஸ்ட்ரால் 182, ட்ரைகிளிசரைடு 240, எச்டிஎல் 34, எல்டிஎல் 100. வீட்டில் இதைப் பார்க்கும் யாரும் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு, "இருநூறுக்குக் கீழதான இருக்கு, ஒண்ணுமில்ல" என்று மடித்து வைத்துவிடுவார்கள். இந்தத் தாளில் கவலைப்பட நிறைய இருக்கிறது. எல்டிஎல்லைப் பல லேப்கள் நேரடியாக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிறார்கள். 1972லிருந்து புழங்கும் கணக்கு இது. ட்ரைகிளிசரைடு ஏற ஏற இந்தக் கணக்கு எல்டிஎல்லைக் குறைத்துக் காட்டும், 400ஐத் தாண்டினால் பயன்படாது. அதைவிட நம்பகமான ஒரு எண்ணை யாரும் காசு கொடுக்காமலே பெறலாம். மொத்த கொலஸ்ட்ராலில் எச்டிஎல்லைக் கழித்தால் வருவது குழாயை அடைக்கக்கூடிய எல்லாத் துகள்களின் கொலஸ்ட்ரால். மேலே சொன்ன தாளில் அது 148. எல்டிஎல் 100க்குள் இருக்க வேண்டிய ஒருவருக்கு இந்த எண் 130க்குள் இருக்க வேண்டும். ஆக, "ஒண்ணுமில்ல" என்ற தாள் அப்படிப்பட்டதல்ல.

அந்த 240 எங்கிருந்து வந்தது? எண்ணெயிலிருந்துதான் என்று நினைப்பது இயல்பு. பெரும்பாலும் அப்படி இல்லை. தேவைக்கு மேல் வந்த மாவுச்சத்தையும் சீனியையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றி விஎல்டிஎல்லில் ஏற்றி அனுப்பும். இந்தியர்களின் சராசரிச் சாப்பாட்டில் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று அதே இண்டியாப் ஆய்வு 2025ல் சொன்னது. நம் நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் இட்லி, மதியம் குவித்த சோறு, இடையில் மூன்று நான்கு டீ, சாயங்காலம் ஒரு ஜிகர்தண்டா, ராத்திரி பத்து மணிக்கு மேல் சால்னா ஊற்றிய நான்கு பரோட்டா. இதில் கறி எங்கேயோ ஓரத்தில் இருக்கிறது. சைவச் சாப்பாடாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. சாராயமும் ட்ரைகிளிசரைடை நேரடியாக ஏற்றும். கடையில் வாங்கும் புட்டியோடு சேர்ந்து வரும் வறுவலை மட்டும் குறை சொல்பவர்கள் புட்டியை விட்டுவிடுகிறார்கள்.

இங்கே இன்சுலின் வருகிறது. சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதோடு, சேமிப்புக் கொழுப்பைப் பூட்டி வைப்பதும் இன்சுலினின் வேலை. வயிற்றுக்குள் சதை கூடி, உடல் இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் போனால் அந்தப் பூட்டு திறந்துவிடும். சேமிப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் இரவும் பகலும் கல்லீரலுக்குள் வடியும். கல்லீரல் கூடுதலாக விஎல்டிஎல் செய்யும். அந்த விஎல்டிஎல் தன் ட்ரைகிளிசரைடை எச்டிஎல்லுக்கும் எல்டிஎல்லுக்கும் கொடுத்துக் கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்ளும். இந்தக் கைமாற்றத்தில் எச்டிஎல் சீக்கிரம் அழிந்து குறைகிறது, எல்டிஎல் சிறுத்துவிடுகிறது. மூன்று கோளாறும் ஒரே வேரிலிருந்து வருபவை. சர்க்கரை நோயும் இதே வேரிலிருந்துதான் வருகிறது. ரிப்போர்ட்டில் சர்க்கரை ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ட்ரைகிளிசரைடு ஏறி எச்டிஎல் இறங்கியிருப்பதைப் பார்க்கலாம். கவனிக்க வேண்டிய காலம் அது. அதைக் கோட்டை விடுகிறோம்.

ஒல்லி மனிதரின் புதிரும் இங்கேயே அவிழ்கிறது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இங்கிலாந்தின் ஜான் யுட்கினும் 2004ல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றுதான், 22.3. உடம்பில் இருந்த கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம்மவர்களுக்குத் தோலுக்கடியில் சேமிக்கும் இடம் சீக்கிரம் நிரம்பி, கொழுப்பு வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் தசையிலும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதனால் எடை மெஷினை மட்டும் நம்ப முடியாது. நம்மவர்களுக்கு இடுப்பளவு ஆண்களில் 90 சென்டிமீட்டரையும் பெண்களில் 80ஐயும் தாண்டினால் கவனிக்க வேண்டும். தையல்கடை டேப் போதும். வேட்டியும் சேலையும் இடுப்பு எவ்வளவு பெருத்தாலும் ஒத்துக்கொள்ளும் உடைகள், பேன்ட் போடுகிறவருக்குத் தெரியும் அளவுக்கு மற்றவர்களுக்குத் தெரிவதில்லை.

52 நாடுகளில் நடந்து 2004ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில் மாரடைப்புக்கான காரணிகளில் மிக வலுவாக நின்றது அப்போபிக்கும் எச்டிஎல்லின் புரதத்துக்கும் இடையே உள்ள விகிதம்தான். அதே ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த வயதின் நடு அளவு 53, மற்றவர்களுக்கு 58.8. கிட்டத்தட்ட ஆறு ஆண்டு முன்னதாகவே வருகிறது. ஒரு குடும்பத்தில் பிள்ளைகள் படித்து முடிக்கிற, மகளுக்குக் கல்யாணம் பேசுகிற ஆண்டுகள் அவை.

இதயத்துக்கு வெளியே நடப்பதில் நான் அதிகம் கவலைப்படுவது கல்லீரலைப் பற்றி. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப்போய், "ஃபேட்டி லிவர் கிரேடு ஒண்ணு" என்று எழுதி வாங்கி வராத வீடு இப்போது குறைவு. "எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்று அதை ஒதுக்கிவிடுகிறோம். குடிக்காதவர்களுக்கும் வரும். கல்லீரலில் தேங்கிய கொழுப்பு சிலருக்கு அழற்சியாக மாறி, வடுவாகி, கடைசியில் சுருங்கிய கல்லீரலில் கொண்டுபோய் விடும். ஆனால் ஃபேட்டி லிவர் உள்ளவர்களில் அதிகம் பேர் இறப்பது கல்லீரல் நோயால் அல்ல, இதயநோயால். காரணம் ஒரே பிசகு இரண்டு இடங்களில் தலைகாட்டுகிறது. நம்பிக்கையான செய்தியும் உண்டு. உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணியத் தொடங்கும். எண்பது கிலோக்காரருக்கு அது ஆறு முதல் எட்டு கிலோ.

கணையத்தில் வருவது இன்னும் திடீரென்று வரும். ட்ரைகிளிசரைடு 1000ஐத் தாண்டினால் கணையம் வெந்துபோகும் ஆபத்து உண்டு. முதுகு வரை பாயும் வயிற்றுவலி, வாந்தி, உடனே ஆஸ்பத்திரி. பித்தப்பைக் கல்லிலும் ஒரு முக்கிய வகை கொலஸ்ட்ரால் உறைந்தது. சிறுநீரகம் இருபக்கமும் வெட்டும். சிறுநீரில் புரதம் அதிகம் போனால் கொலஸ்ட்ரால் ஏறும், நாள்பட்ட சிறுநீரக நோயில் ட்ரைகிளிசரைடு ஏறும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்டிஎல் கூடும். அதனால்தான் திடீரென்று கொலஸ்ட்ரால் ஏறிய ஒருவருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, மாத்திரை எழுதும் முன் தைராய்டு பார்ப்பது நல்ல மருத்துவம்.

கண்ணைச் சொல்லாமல் விட முடியாது, அதுவும் 1976ல் டாக்டர் வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊரில் இருந்துகொண்டு. சர்க்கரைக்காரரின் விழித்திரையில் மஞ்சள் புள்ளிகளாகத் தெரிபவை கசிந்த குழாய்களிலிருந்து வெளியேறிய கொழுப்புப் படிவுகள். ட்ரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபெனோஃபைப்ரேட் மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு லேசர் சிகிச்சை தேவைப்படுவது குறைந்ததாக 2007ல் வெளியான ஃபீல்டு ஆய்வு காட்டியது. இன்னொன்று, நாற்பத்தைந்து வயதுக்கு முன்பே கருவிழி ஓரத்தில் வெண்வளையம் தெரிந்தாலோ, இமையோரம் மஞ்சள் தடிப்பு வந்தாலோ அழகுக் கிரீம் தேடாமல் ரத்தக் கொழுப்பைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் எண்ணெய். கறியைத் திட்டுகிற அளவுக்கு நாம் எண்ணெயைப் பற்றி யோசிப்பதில்லை. மோசமானது டால்டா வகையறா. அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றும், எச்டிஎல்லையும் இறக்கும். 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியச் சட்டம். நல்ல முடிவு. ஆனால் ஒரே சட்டி எண்ணெயைக் காய்ச்சிக் காய்ச்சி வடை போடும் தெருவோரம் வரை சட்டம் போய்ச் சேருவது வேறு விஷயம். பாமாயிலில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு, தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு. நல்லெண்ணெயிலும் கடலையெண்ணெயிலும் அது இவற்றைவிட மிகக் குறைவு. செக்கு எண்ணெய் என்பதால் மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம் என்று ஆகிவிடாது. ஆட்டுக்கறிக்கும் நியாயம் செய்துவிடுகிறேன். அதன் கொழுப்பும் எல்டிஎல்லைக் கூட்டும், தினமும் சுக்காவும் குடலும் என்றால் கெடுதல்தான். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு பெரிய வில்லன் அல்ல. அதோடு மூன்று தடவை வாங்கிப் போட்டுக்கொள்ளும் சோறுதான் யாரும் கணக்கில் சேர்க்காதது.

மருந்துக்கு வருவோம். ஜப்பானின் அகிரா எண்டோ 1970களில் பூஞ்சையிலிருந்து கண்டெடுத்த பொருளில் தொடங்கிய, எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டேட்டின் மருந்துக் குடும்பம் 1987ல் மருந்துக்கடைக்கு வந்தது. நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த அட்டோர்வாஸ்டேட்டின் அந்தக் குடும்பம்தான். எல்டிஎல் சுமார் 39 மில்லிகிராம் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகின்றன என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது. ஆனாலும் "கொலஸ்ட்ரால் மாத்திரை லிவரைக் கெடுக்கும், சுகரை வரவழைக்கும்" என்று வாட்ஸப்பில் படித்து நிறுத்திவிடுகிறார்கள். சர்க்கரை பற்றிய பேச்சில் உண்மை கொஞ்சம் உண்டு. 255 பேர் நான்கு ஆண்டுகள் சாப்பிட்டால் கூடுதலாக ஒருவருக்குச் சர்க்கரை வரலாம். அதே காலத்தில் அதைப்போல் பலமடங்கு மாரடைப்புகள் தடுக்கப்படும். ஸ்டென்ட் வைத்தவர், சர்க்கரைக்காரர் தாமாகவே இந்த மாத்திரையை நிறுத்துவது ஆபத்தான காரியம். தமிழ்நாட்டில் 2023ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு உடனே கொடுக்கும் மருந்துகளில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரலோடு அட்டோர்வாஸ்டேட்டினும் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எச்டிஎல் குறைவு ஆபத்தின் அறிகுறி, ஆனால் மருந்தால் அதை ஏற்றிப் பயனில்லை. எச்டிஎல்லைப் பெரிதாக ஏற்றிய டார்செட்ரபிப் மருந்தை 2006ல் இறப்புகள் கூடியதால் பாதியில் நிறுத்தினார்கள். 2022ல் வெளியான ப்ராமினன்ட் ஆய்வில் பெமாஃபைப்ரேட் ட்ரைகிளிசரைடை இறக்கியும் மாரடைப்பு குறையவில்லை. துகள்களின் எண்ணிக்கை குறையாததே காரணம் என்று தெரிகிறது. ஆகவே, "நல்ல கொழுப்பை ஏத்தும்" என்று விற்கும் பொடி, லேகியத்துக்குக் காசு கொடுப்பதைவிடத் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பது மேல். நடை இன்சுலினுக்குத் தசையைப் பணிய வைக்கிறது, வேரைத் தொடுகிறது.

சாப்பாட்டுக்கும் நடைக்கும் கட்டுப்படாத ஒரு வகையும் உண்டு, அதைப் பற்றி நம் பகுதியில் கூடுதலாகப் பேச வேண்டும். எல்டிஎல் ஏற்பி பிறவியிலேயே பாதி பழுதாக இருக்கும் பரம்பரைக் கோளாறு உலகில் ஏறத்தாழ 250லிருந்து 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அவர்களுக்கு எல்டிஎல் பொதுவாக 190க்கு மேல் போகும், நாற்பதிலேயே மாரடைப்பு வரலாம். அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டுகிற வழக்கம் உள்ள குடும்பங்களில் கணவன், மனைவி இருவரிடமும் அதே பழுது இருக்கும் வாய்ப்பு அதிகம். அப்படி இருவரிடமும் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரு பங்கும் சேர்ந்து கிடைக்க நான்கில் ஒரு வாய்ப்பு. அந்தக் குழந்தைகளுக்கு எல்டிஎல் 400, 500ஐத் தாண்டும். முழங்கை, முழங்கால், குதிகால் நரம்புப் பக்கம் மஞ்சள் கட்டிகள் வரும். பள்ளிக்கூட வயதிலேயே இதயம் பாதிக்கப்படும். பல வீடுகளில் அந்தக் கட்டியைத் தோல் வியாதி என்று ஆண்டுக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருப்பார்கள். லிபோபுரதம் ஏ என்று, குழாயை அடைக்கும் இன்னொரு பரம்பரைத் துகளும் உண்டு. அதன் அளவு பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க மாறாது, அதனால் ஒருமுறை பார்த்தால் போதும்.

வீட்டில் ஆண் ஒருவருக்கு 55 வயதுக்கு முன்போ பெண்ணுக்கு 65க்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால், அவருடைய அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, பிள்ளைகள் எல்லோரும் ஒரு லிப்பிட் ப்ரொஃபைல் எடுத்துவிட வேண்டும். அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் பார்க்கலாம், வீட்டுக்குப் பக்கத்து லேபிலும் பார்க்கலாம். முதல் தடவை சாப்பிட்டுவிட்டே ரத்தம் கொடுக்கலாம், ட்ரைகிளிசரைடு 400க்கு மேல் வந்தால் மட்டும் வெறும் வயிற்றில் இன்னொரு முறை கொடுக்க வேண்டியிருக்கும். சோதனை முடிவு வந்ததும் மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழித்துக் கையால் ஒரு மூலையில் எழுதிக்கொண்டு, அந்தத் தாளை மருத்துவரிடம் எடுத்துப் போகலாம்.